கோவளத்துக்குப் போன புடவை மூட்டை

நான் பார்த்த வேலைக்கு முகம் வேண்டாம், குரல் போதும். தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எண்பதுகள் அது. காதில் ஹெட்போன், எதிரே சொருகிச் சொருகி எடுக்கிற போர்டு, பக்கத்தில் ஆறிப்போன டீ. பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் அந்த ரோட்டில் இருந்த கம்பெனிகளின் ஆபரேட்டர்கள் எல்லோரும் எனக்குச் சிநேகிதிகள். ஒருத்தியின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. "ஹலோ" என்று இழுக்கிற இழுப்பிலேயே இன்றைக்கு வீட்டில் மாமியாரோடு சண்டை, இன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவோம். வேலை அப்படி, காதுதான் எங்களுக்குக் கண்.

எங்கள் காலனிக்குக் கோவளத்திலிருந்து ஒரு மீன்காரப் பெண் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போட்டுக் கூடையை ஏற்றி, நான் வேலைக்குக் கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிடுவாள். அவள் தெருமுனையில் திரும்பும்போதே குரல் எங்கள் சமையலறைக்கு வந்துவிடும். "டெலிபோனக்கா! சங்கரா கீது, நெத்திலி கீது, கதவத் தொற!" எப்போதும் அரக்கு, கரும்பச்சை, கத்தரிப்பூ என்று அடர்த்தியான நிறத்தில்தான் புடவை கட்டுவாள். மீன் அரியும்போது தெறிக்கிற ரத்தம் அதில் தெரியாது. "உனக்கின்னாக்கா, ஆபீஸ்ல ஒக்காந்துகினு பேசிக்கினே சம்பாரிக்கிற. வெளிர் கலர்ல கட்டுவ" என்று கேலி செய்வாள். எனக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேரம் பேச மறந்துபோகும். அவளுக்கும் அது நன்றாகத் தெரியும், கள்ளி.

அந்த வருஷம் கார்த்திகையில் புயல் அடித்தது. தாம்பரத்தில் எங்களுக்கு மரங்கள் சாய்ந்தன, கரண்ட் போனது, முடிச்சூர்ப் பக்கம் முழங்கால் தண்ணீர். அதையே பெரிய கஷ்டமாக நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தோம். மீன்காரப் பெண் வரவில்லை. கடலுக்கே யாரும் போகாதபோது மீன் எங்கிருந்து வரும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலை வந்தாள். கூவவில்லை. கதவைத் தட்டினாள். கூடை காலியாக இருந்தது. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அவுரு வரலக்கா" என்றாள்.

அவள் புருஷன் புயலுக்கு முந்தின நாள் பங்காளியின் கட்டுமரத்தில் தொழிலுக்குப் போயிருக்கிறான். மரமும் வரவில்லை, போன ஆட்களும் வரவில்லை. அவர்கள் குப்பத்தில் அப்படி இன்னும் சில வீடுகள். கவர்மெண்டு போட் ஒன்று வந்து தேடிவிட்டுப் போய்விட்டதாம்.

"காத்து வடக்கால இழுத்துகினு போயிருக்கும்க்கா. நெல்லூர்ப் பக்கம் ஒதுங்கியிருப்பாரு. எங்க மாமனாரு ஒருவாட்டி அப்டித்தான் ஒதுங்கி, ஒரு மாசம் கழிச்சி லாரி ஏறி வந்தாரு." அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. "எங்க மரம் கரைலதான் கீது. பாயும் வலையும்தான் பிச்சிகினு பூட்ச்சி. அது ரெண்டும் இருந்தா என் கொழுந்தன் போவான். தொழிலும் பாப்பான், கரையோரமா ஊரூரா கேட்டுகினும் போவான். நீ பெரிய பெரிய கம்பெனிக்காரங்களோட தெனம் பேசறவதானே? கேட்டுப் பாரேன்க்கா."

கேட்டாள். கட்டுமரத்துக்குப் பாயும் வலையும். வேறொன்றும் கேட்கவில்லை, அரிசிகூடக் கேட்கவில்லை.

முதலில் எங்கள் எம்.டி.யிடம்தான் போனேன். ஆபரேட்டர் எழுந்து அவர் அறைக்கு வந்ததே அவருக்கு அதிசயம். "கம்பெனி சார்பாக நிவாரண நிதிக்குச் செக் கொடுத்தாச்சும்மா. பேப்பர்ல போட்டோகூட வந்ததே, பார்க்கலியா?" என்றார். பார்த்தேன் சார், போட்டோ நன்றாக இருந்தது, ஆனால் அதை வைத்துக் கடலுக்குப் போக முடியாது என்றேன். எப்படித்தான் அப்படிப் பேசினேனோ! அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். கடைசியில் ஒரு நாளைக்கு லாரி தருவதாகச் சொன்னார். அதுவாவது கிடைத்ததே என்று வெளியே வந்தேன்.

அப்புறம் என் சிநேகிதிகளைப் பிடித்தேன். பத்துப் பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்காகவே லைன் போட்டுக் கொடுத்த நாங்கள், முதல் தடவையாக எங்களுக்காக லைன் போட்டுக்கொண்டோம். "உங்க பெரியவருக்கு இன்னிக்கு மூடு எப்படி?" "காலைல வேணாம்டி, அல்சர்காரர். சாப்பிட்டு வரட்டும், நானே குடுக்கறேன்." இப்படித்தான் செக்ரெட்டரிகளைத் தாண்டி நேராக முதலாளிகளின் காதுக்குள் போனேன். முக்கால்வாசிப் பேர் எங்கள் எம்.டி. சொன்னதையே சொன்னார்கள். செக், போட்டோ, பேப்பர். ஒருவர், "இதுக்கெல்லாம் போர்டு மீட்டிங் வெக்கணும்மா" என்றார். அதுவரை கடலைக் காத்திருக்கச் சொல்லட்டுமா என்று வாய்வரை வந்தது.

பல்லாவரத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனி. அங்கிருந்த ஆபரேட்டர் எங்களில் மூத்தவள், பொல்லாதவள். அவளுடைய முதலாளி எனக்கு ஒரேயடியாக முடியாது என்று சொல்லிவிட்டார். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அவர் பம்பாய்க்கு டிரங்கால் கேட்கும்போதெல்லாம், "லைன் புயல்ல அறுந்திருக்கு சார், அந்தக் கோவளம் ஜனங்க பாவம் சார்" என்று ஆரம்பித்துவிடுவாளாம். பாதி நாள் தாங்கினார். மத்தியானத்துக்கு மேல், "என்னதாம்மா வேணும் அவங்களுக்கு?" என்று கத்தியிருக்கிறார். அவள் எனக்குப் போன் போட்டுச் சிரித்த சிரிப்பில் ஹெட்போன் அதிர்ந்தது. "புதுப் புடவைடி! மூட்டை மூட்டையா! பிரிக்கவே இல்லாதது. கெட்டிக் காட்டன்."

பாய்க்கு வழியில்லை, புடவையாவது வருகிறதே என்று வாங்கிக்கொண்டோம். கூடுவாஞ்சேரியில் நைலான் கயிறு திரிக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்காரர் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வலை பின்னுகிற நூல் கொடுத்தார். அவர் பெயரைப் போடட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஜவுளிக் கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டது. விழா நடத்த வேண்டும். சும்மா கொடுத்துவிட்டு வருவது என்பது கம்பெனிகளுக்குத் தெரியாத வித்தை. மைக், சாமியானா, நாற்காலி, பேனர், போட்டோகிராபர், எல்லாம் மூட்டைகளுக்கு முன்னாலேயே கோவளம் போய்ச் சேர்ந்துவிட்டன. மீன் ஏலம் போடுகிற இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். எங்கள் லாரியில் மூட்டைகள், முன்னால் டிரைவர் பக்கத்தில் நான். கடற்கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அவர்களுடைய கட்டுமரம்தான். பாய்மரத்துக் கழியில் கந்தல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நூல் கண்டுகளைப் பார்த்ததும் அங்கேயே ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்து, "தாங்கும்க்கா, தாங்கும்" என்று தன் கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஜவுளிக் கம்பெனியின் பி.ஆர்.ஓ. டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கடற்காற்றில் டை அவர் தோளுக்குப் பின்னால் பறந்தது. மைக்கைப் பிடித்து, "புயலில் கணவரை இழந்த சகோதரிகள் முதலில் மேடைக்கு வரவும்" என்றார்.

ஒருத்தியும் எழவில்லை.

மைக் வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். மணலில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குப்பத்தில், உடம்பு கரைக்கு வராமல் யாரையும் செத்தவன் என்று சொல்வதில்லை. அவன் தொழிலுக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான். பெண்சாதி பொட்டு வைப்பாள், பூ வைப்பாள், அவனுக்குச் சோறும் எடுத்துவைப்பாள். போதும் என்று அவளாகச் சொல்கிற வரைக்கும் ஊரும் வாய் திறக்காது. டை கட்டியவருக்கு இதை யார் சொல்வது? கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஆம்பள இன்னும் திரும்பாத வூட்டுக்காரங்க போங்கம்மா" என்றார். அப்போதுதான் எழுந்தார்கள்.

முதலில் போனவள் எங்கள் மீன்காரப் பெண்தான். பி.ஆர்.ஓ. கேமராவைப் பார்த்துக்கொண்டே அவள் கையில் புடவையை வைத்தார். பிளாஷ் அடித்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

வெள்ளை. கரைகூட இல்லாத தும்பை வெள்ளை. ஏதோ ஆஸ்பத்திரி ஆயாக்களுக்காக நெய்து, ஆர்டர் ரத்தாகி, கோடவுனில் கிடந்த சரக்கு அது என்று பின்னால்தான் தெரிந்தது. மூட்டைகளை அடுத்தடுத்துப் பிரித்தார்கள். அத்தனையும் வெள்ளை.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. புடவையை மேடை ஓரத்தில் பதமாக வைத்தாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு தொழிலுக்குப் போயிருக்காரு சார். வந்துருவாரு. எனக்கு இன்னாத்துக்கு இது?"

"நல்ல குவாலிட்டிம்மா" என்றார் அவர். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "கெட்டித் துணி. ரெண்டு வருஷத்துக்குக் கிழியாது."

எனக்கு எங்கிருந்து ஆவேசம் வந்ததோ தெரியாது. மேடையில் ஏறி, "இதை உங்க மிஸஸுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க சார்! சுமங்கலியா கட்டிக்கிட்டு உங்களுக்குக் காபி போட்டுத் தரட்டும்!" என்று கத்திவிட்டேன். மைக் அப்போது நன்றாகவே வேலை செய்தது. "வார்த்தையை அளந்து பேசுங்க மேடம்" என்றவரின் காது சிவந்துவிட்டது. ஒரு கிழவி மட்டும் எதற்கோ அழ ஆரம்பித்தாள். கம்பெனிக்காரர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு கார் ஏறிப் போய்விட்டார்கள். மூட்டைகள் ஏலக் கொட்டகையிலேயே கிடந்தன.

மறுநாள் காலை ஜவுளிக் கம்பெனி முதலாளி எங்கள் எம்.டி.யைக் கூப்பிட்டார். பல்லாவரத்தில் அவள் லைன் கொடுத்தாள், இங்கே நான் வாங்கிச் சொருகினேன். என்மேல் வந்த புகாரை நானேதான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒட்டுக்கேட்கக் கூடாதுதான். கேட்டேன். "வெறும் ஆபரேட்டர்தானே, விடுங்க, நான் கண்டிச்சு வைக்கறேன்" என்றார் எங்களவர். ஆனால் கண்டிக்கவில்லை. அன்று மாலை போர்டைத் தாண்டிப் போகும்போது, "அந்தம்மா எப்படியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் பழைய குரல் கேட்டது. "டெலிபோனக்கா! கதவத் தொற!" போட்டது போட்டபடி ஓடினேன். கூடையில் கொஞ்சம் நெத்திலி. முகமெல்லாம் சிரிப்பு.

"அந்தப் பொடவைங்கள இன்னா பண்ணோம் சொல்லு பாப்போம்? பாய் தைச்சிட்டோம்க்கா! ரெட்டையா மடிச்சிப் போட்டு, பொம்பளைங்க எல்லாம் குந்திகினு தைச்சோம். கெட்டித் துணிதானே, காத்த நல்லா புடிக்குது. எங்க மரம் மட்டும் இல்ல, பாய் போன மரத்துக்கெல்லாம் அதான். கொழுந்தன் வடக்கால போயிருக்கான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வெயிலில் கண் கூசுகிற வெள்ளையில் பாய்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கரையில் என் பக்கத்தில் நின்று, எது அவர்களுடைய மரம் என்று விரலால் காட்டினாள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனிகளை எல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.

தை போய் மாசியும் பிறந்தது. அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன், "சேதி ஏதாவது?" இல்லை என்பாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஒரு காலை தெருமுனையில் அவள் குரல் கேட்டது. "மீனு… மீனு…" அவ்வளவுதான். டெலிபோனக்கா இல்லை, கதவைத் திற இல்லை. வேறு யாரோ மீன்காரி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என் காது என்னை ஏமாற்றாது. கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றேன். கதவைத் திறக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளைப் புடவையில் நின்றிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"கொழுந்தன் நெல்லூரு தாண்டி வரைக்கும் கேட்டுட்டு வந்தான்க்கா. ஒரு ஊர்லயும் பாக்கலயாம்." கூடையை இறக்கினாள். "நானேதான் போதும்னு சொல்லிட்டேன். பாய் தைக்கச் சொல்லோ இது ஒண்ண மட்டும் எட்த்து வச்சிருந்தேன். யாருக்கும் சொல்லல. உனக்குக்கூட."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள். அவள் என்னை!

"அழாதக்கா. நல்லாத்தான் கீது துணி. கிழியாதுன்னு அந்த சாரு சொன்னாரே." பிறகு, "சங்கரா கீது. அரியட்டா?" என்றாள்.

அரியச் சொன்னேன். வாசற்படியில் உட்கார்ந்து அருவாமணையைப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் மீன் அரியும்போது அவள் ஒருநாளும் தன் புடவையைப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு மீனுக்கும் நிறுத்தி, கையைக் கழுவி, முந்தானையில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள்.