கப்பல், ஒப்பந்தம், என் சலூன் ஷட்டர்

முடிவெட்டும் தொழிலில் வாடிக்கையாளரைத் தலை குனியச் சொல்லலாம், வாயை மூடச் சொல்ல முடியாது. கடை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கும் இது தெரிந்த கஷ்டம்தான். இலங்கையில் ஓப்பநாயக்க பஜாரில் சலூன் வைத்திருக்கும் தமிழனான எனக்கு, வெளிநாட்டுச் செய்தி வந்தாலே பயம்தான்.

கழுத்தில் கத்தி

சீனக் கப்பல் நம் துறைமுகத்துக்கு வரக் கூடாது என்று இந்தியா முறுக்கிக்கொண்டிருந்த நேரம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற குணபால மாத்தயா சவரத்துக்கு உட்கார்ந்தார். நான் ஐயா என்ற மரியாதையில் 'மாத்தயா' என்பேன், அவர் என்னைத் தம்பி முறை வைத்து 'மல்லி' என்பார். "நம்ம வீட்டுக்கு யார் வரணும்னு ஒங்க ஆளுங்க எதுக்கு மல்லி சொல்றாங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

என் ஆட்களாம்! என் பாட்டனுக்கும் முந்தின தலைமுறை விட்டுவந்த நாடு அது. நான் கண்ணால் கண்டதில்லை. இதைச் சொன்னால் கோபிப்பாரோ என்று யோசித்ததில் கத்தியை அவர் கழுத்திலேயே நிறுத்திவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "பதறாம வழி மல்லி, சண்டை கடல்லதான், என் கழுத்துல இல்ல."

சுவரில் படம்

பிறகு இந்தியாவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் என்றார்கள். எதிர்ச் சுவரில் 'நாட்டை விற்காதே' என்று சிங்களத்தில் போஸ்டர். அன்றைக்கே சலூனில் இருந்த இந்திய கிரிக்கெட் அணியின் படத்தைக் கழற்றி, நம் அணியை மாட்டினேன்.

மறுநாள் வந்த தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர் முனியாண்டி அண்ணன் சுவரைப் பார்த்துச் சிரித்தார். "நான் படுக்கிறது இந்தியாக்காரன் கட்டிக் குடுத்த வீட்டுல, லொறி ஓட்டுறது சீனாக்காரன் போட்ட ரோட்டுல. நான் யாரப் பகைச்சுக்கிறது, சொல்லுங்க தம்பி?"

பாதி ஷட்டர்

ஒப்பந்தத்தை எதிர்த்து பஜாரில் ஊர்வலம். "இன்னைக்குக் கட தெறக்காதீங்க," என்றாள் மனைவி. மூடினால் 'இவன் இந்தியா பக்கம்' என்பார்கள். திறந்தால், எவனாவது கல்லை எடுத்தால்? எங்களுக்குச் சோறு போடுவதே அந்தக் கடைதான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே நின்றேன். நிஜமாகவே பயந்தேன்.

"எந்த நாட்டுப் படையும் வேண்டாம்!" என்ற கோஷம் வாசலுக்கே வந்துவிட்டது. ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. குனிந்து நுழைந்தவர் குணபால மாத்தயா, கையில் கொடி. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு நமக்கே காட்டல, அதான் ரோட்டுக்கு வந்தோம். ஒன் மேல என்ன கோபம்?" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார்: "முழுசாத் தெற மல்லி, பாதி தெறந்திருந்தாத்தான் ஆளுங்க சந்தேகப்படுவாங்க."

பெரிய நாடுகளுக்கு நடுவில் எப்படி நிற்பது என்று கொழும்பில் யோசிக்கட்டும், நான் ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஷட்டரை எவ்வளவு தூக்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.