செக்கர் வீட்டுக் கிழங்குத் தேர்வு

தெருவில் அவருக்குப் பெயர் செக்கர். பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். தூங்குவதுபோல் நடிப்பவன், பையை விடாமல் துழாவுகிறவன், எவன் ஜம்பமும் அவரிடம் பலித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டிலேயே திருட்டு வேலைக்கு இறங்கினார் என்றால், காரணம் உருளைக்கிழங்கு.

ஐயோ, அந்த மனிதருக்கும் உருளைக்கிழங்குக்கும் என்ன பந்தமோ! வறுத்தால் சட்டியோடு, அவித்தால் பானையோடு. சர்க்கரை ஏறி ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். டாக்டர் உருளைக்கிழங்கை அடியோடு நிறுத்தச் சொன்னார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கடுகளவு கீறலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பயந்துபோனவள், பக்கத்துக் காய்கறிக்கடைக்காரரிடமும் இவருக்கு உருளைக்கிழங்கு கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

செக்கர் முகம் தொங்கிப்போயிற்று. பார்க்கச் சகிக்காமல் அவள் தன் தம்பியிடம் யோசனை கேட்டாள். நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் தம்பி மூன்று பைகளோடு வந்தான்.

"மாமா, இது சூரியகாந்திக்குச் சொந்தக்காரக் கிழங்கு. உருளைக்கிழங்கு மாதிரி மாவு கிடையாது, சர்க்கரை திடீர்னு ஏறாது. மூணு ரகம் இருக்கு. போட்டுப் பாத்துட்டு ஒண்ணை மட்டும் வச்சுக்குங்க. துண்டு மண்ணுல தங்கினாக்கூட முளைச்சுடும். மூணையும் உங்க தோட்டம் தாங்காது."

வீட்டின் பின்னால் சுவரோரம் மூன்று பாத்தி. செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டி, மஞ்சளாகப் பூத்து, வாடின. முதலில் வெள்ளை ரகத்தைத் தோண்டினார்கள். இஞ்சிபோல் முண்டும் முடிச்சுமாக இருந்தது. தோல் சீவுவதற்குள் செக்கருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வயிறு போட்ட சத்தத்தில்தான் அவரே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் சிவப்பு ரகம். சீவச் சுலபம்; ஆனால் சுவருக்கு அடியில் புகுந்து அடுத்த வீட்டுப் பக்கம் தலை நீட்டியிருந்தது. "இதைப் போட்டா கிழங்கோட சண்டையும் விளையும்" என்று அவள் அதையும் தள்ளிவிட்டாள்.

மிச்சம் மூன்றாவது பாத்தி. வழவழப்பான, குட்டையான ரகம் என்று மச்சினன் சொல்லியிருந்தான். வழவழப்பா? செக்கர் மூளையில் பொறி தட்டியது. அவள் வேலைக்குப் போனதும் பேருந்து ஏறினார். தன்னை யாருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து உருளைக்கிழங்கு வாங்கி வந்து, ஈரமண்ணில் புரட்டி, அந்தச் செடிகளின் அடியில் புதைத்தார். இந்த ரகம் ஜெயித்துவிட்டால் பிறகு வருஷமெல்லாம் இதே உத்திதான். நினைக்கும்போதே நாக்கில் எச்சில் ஊறியது.

மறுநாள் அவள் மண்வெட்டியோடு வந்தாள். செடியைப் பிடித்து அசைத்து இழுத்தாள். வேரோடு சில கிழங்குகள் தொங்கின. வேருக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பக்கத்தில் இன்னும் பல கிடந்தன.

"அடேங்கப்பா! என்னங்க, என்னா உருண்டை! என்னா வழவழப்பு!"

"நான்தான் சொன்னேனே. தண்ணி ஊத்தின கை யாரோடது?" என்று செக்கர் மீசையை நீவிக்கொண்டார்.

அவள் ஒன்றை எடுத்து, கடையில் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செக்கர் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மற்றவர்களை இப்படிப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"சரி, முடிவாயிடுச்சு. இதுதான் நம்ம ரகம்" என்றாள்.

அவருக்குப் போன உயிர் வந்தது. "அப்ப வறுத்துடலாமா?"

"வறுக்கிறதா? நல்லாயிருக்கே! இவ்வளவு அருமையான ரகத்தை யாராவது தின்னு தீர்ப்பாங்களா? இந்த உருண்டை எல்லாம் விதைக்கு. வேரோட வந்ததை மட்டும் இன்னிக்குச் சமைக்கிறேன். நீங்க குழியைத் தோண்டுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். ஆசை ஆசையாக வாங்கி வந்ததை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே மறுபடியும் புதைத்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியபடி மேற்பார்வை பார்த்தாள்.

கடைசி ஒன்றை விட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு செக்கர் புலம்பினார். "இனிமே அடுத்த வருஷம்தானே? அதுவரைக்கும் நான் இருக்கணுமே!"

அவளுடைய சிரிப்பு சட்டென்று நின்றுபோயிற்று. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கணும்னுதாங்க இவ்வளவு பாடும். நீங்க இல்லாத வீட்டுல உருளைக்கிழங்கு விளைஞ்சா என்ன, எது விளைஞ்சா என்ன?"

செக்கர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்ததைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினார். பிறகு, வேரோடு வந்த கிழங்குகளைக் குழாயடியில் கழுவி, தானே தோல் சீவ உட்கார்ந்தார்.