கோபத்துக்கு இன்னா தாளம்

போன வாரம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். (இருந்தது. அது வேறு கதை.) ரத்தம் எடுக்கிற பெண் என் முழங்கையின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்ததும் ஸ்பிரிட் வாசனை குப்பென்று ஏறியது. மற்றவர்களுக்கு இந்த வாசனையில் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு டேப்ரிக்கார்டர்தான். கேசட் ஓடி ஓடி அழுக்கேறிய ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால்தான் நாங்கள் துடைப்போம். நாங்கள் என்றால் நானும் சலீமும்.

எண்பதுகளின் பின்பாதி அது. பழவேற்காடு கடைத்தெருவில் இருவரும் மைக்செட் கடை வைத்திருந்தோம். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவோம். ஏரித் தீவான பசியாவரத்துக்குப் படகில் குழாயை ஏற்றிப் போகும்போது, வெயிலுக்கு அதன் வாய்க்குள் தலையை விட்டு உட்கார்ந்துகொள்வேன். தொழில் தெரிந்தவன் சலீம். நான் ஒயர் சுற்றுகிறவன். எங்கள் நைனா மட்டும் ஊரெல்லாம், "பையன் எலக்ட்ரிக் லைன்ல கீறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சலீமின் அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை லீவில் வந்தபோது தம்பிக்கு ஒரு சென்ட் பாட்டிலும் இரண்டு கேசட்டும் கொண்டுவந்தார். ஒன்றின் அட்டையில் எலும்புக்கூடு பைக் ஓட்டியது. இன்னொன்றில் தொப்பி போட்ட இளைஞர்கள் கைகட்டி முறைத்தார்கள். கழுத்தில் நங்கூரச் சங்கிலி கனத்துக்குச் சங்கிலி. முதலாவதற்கு மெட்டல் என்று பேர், அடுத்ததற்கு ராப் என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும். சலீம் எலும்புக்கூட்டுக் கட்சி, நான் சங்கிலிக் கட்சி. இரண்டிலும் ஒரு வரிகூட இருவருக்கும் புரியாது. சண்டைக்கு அது தடையாக இல்லை.

"உன் ஆளு பாடறானா, பஸ்ல பல்பொடி விக்கறானா?" என்பான் சலீம்.

"உன் ஆளுக்கு மட்டும் இன்னாவாம், கால்ல நண்டு கடிச்சிச்சா?" என்பேன் நான்.

இப்படி ஒரு நாள் நாங்கள் கட்டிப் புரளாத குறையாக நின்றபோதுதான் கன்னியம்மா அக்கா கடைக்கு வந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் மீன் வாங்கி விற்கிற அக்கா. ஏலத்தில் அது விலை கேட்டால், கட்டுமரத்தில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். அதன் புருஷனோ வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. பேச்சு முழுவதையும் அக்காவிடம் ஒப்படைத்துவிட்ட மனிதர்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கேசட்டையும் கொஞ்ச நேரம் கேட்டது.

"இவனும் பாடல, அவனும் பாடல. ஒருத்தன் மூச்சு வுடாம திட்றான். இன்னொருத்தன் தொண்ட கிழியத் திட்றான். ரெண்டு பேருக்கும் எவனோ இன்னாவோ பண்ணிகீறான்டா" என்றது.

அதற்குப் பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னது. ஒரு இறால் கம்பெனியின் விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து குப்பத்து வலைகளை அறுத்துக்கொண்டு போயிருந்தன. அக்கா வீட்டு வலையும் போச்சு. வலை போனால் அடுப்பு எரியாது. கேட்கப் போகும்போதெல்லாம், மேனேஜர் சாப்பிடுகிறார் என்றே பதில் வந்ததாம். "காலைல போனாலும் துண்றானாம், சாயங்காலம் போனாலும் துண்றானாம். நாளைக்குப் பொம்பளைங்க எல்லாம் போறோம். குழாயோட வாங்கடா."

மறுநாள் கம்பெனியின் ஐஸ் ஷெட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, சவுக்குக் கம்பில் குழாய்களைக் கட்டினோம். குப்பத்துப் பெரியவர் ஒருவர் மைக்கில் மிகவும் மரியாதையாகப் பேசினார். உள்ளே ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் இன்னும் மரியாதையாகப் பேசினார். உள்ளே ரேடியோ வைத்தார்கள். பெண்களின் முகம் தொங்கிப்போயிற்று. சிலர் வெயில் தாங்காமல் எழுந்து சேலையைத் தட்டத் தொடங்கினார்கள்.

சலீம் என்னைப் பார்த்தான். எலும்புக்கூட்டுக் கேசட்டைச் சொருகி, வால்யூமைக் கடைசிவரை திருகினான்.

என்னத்தைச் சொல்ல! தகரக் கூரை நடுங்கியது. காக்கைகள் மொத்தமாக எழுந்தன. குளிர்ந்துகொண்டிருந்த இறாலே கண் விழித்திருக்கும். வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "நிறுத்தச் சொல்றாரு!" என்றான்.

"வெளிய வந்து சொல்லச் சொல்லு" என்றது அக்கா.

அந்த நேரம் பார்த்து டேப் சிக்கிக்கொண்டது. நாடாவை உருவி எடுத்த சலீமின் கண்ணில் தண்ணீர். நான் அவசரமாகச் சங்கிலிக் கேசட்டைப் போட்டேன். அதில் ஓரிடத்தில் ஆள் பேச்சை நிறுத்திவிடுவான், வெறும் கொட்டு மட்டும் வெகு நேரம் போகும். சரியாக அங்கேதான் ஆரம்பித்தது. அக்கா மைக்கைப் பிடுங்கியது.

"கடலு இன்னா உங்கப்பன் வூட்டுக் கொல்லையா?
கரையாண்ட வந்து கலக்கறியே, உனுக்கு எல்லை இல்லையா?
நீ கிழிச்சது வலையா, எங்க சோத்துப் பானையா?
நேர்ல வந்து சொல்லுய்யா, நீ ஆளா, இல்ல ஆனையா?"

மேனேஜர் கொஞ்சம் பருத்தவர். பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். எழுந்தவர்கள் உட்கார்ந்து, "ஆளா, ஆனையா" என்று கை தட்ட ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் திரும்பி நின்று சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அதன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கூட்டத்தின் ஓரத்தில் அதன் புருஷன் தலை குனிந்து நின்றிருந்தார். தோளில் அறுந்த வலை.

கதவு திறந்தது. மேனேஜர் வாயில் சோறில்லை. வலைக்கு நூல் தருகிறோம், படகைத் தள்ளிப் போகச் சொல்கிறோம் என்றார். நூல் வந்தது. அந்தப் பருவம் முழுக்க விசைப்படகு கிட்டே வரவில்லை. அடுத்த பருவம் மறுபடி வந்தது. அப்போதும் போய்க் கத்தினோம்.

திரும்பும் வழியில் சலீம் கேட்டான், "யக்கா, எப்புடிக்கா தாளம் தப்பாம வந்துச்சி?"

"கோவத்துக்கு இன்னாடா தாளம்? நான் மூச்சு எடுக்கற எடத்துல அவன் கொட்டறான். அதுக்கு நான் இன்னா பண்ண?"

அதன் பிறகு எது பெரிசு என்று நானும் சலீமும் சண்டை போட்டதில்லை.

கம்பெனி பிற்பாடு மூடிக்கொண்டு போனது. சலீம் வளைகுடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அக்கா இப்போது இல்லை. சமீபத்தில் குப்பத்துக்குப் போயிருந்தேன். ஃபைபர் படகுகள் வரிசையாக நின்றன. வியாபாரி போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் விலை கேட்டான். ஒரு பெண் தலையாட்டினாள். மீன் வண்டியில் ஏறியது. யாரும் யாரையும் திட்டவில்லை. அலைச் சத்தம் அவ்வளவு தெளிவாக அந்தக் கரையில் நான் கேட்டதே இல்லை.