லடாக் போகாத டயர்

காசு கொடுத்து, மண் பாதைக்கான கட்டைப் பல் வைத்த பட்டன் டயர் வாங்க வந்தவனிடம், "வண்டிய எங்க ஓட்டுதீய?" என்று கேட்டால் கோபம் வராதா? எனக்கு வந்தது. தாராவியில் டயர் கடை வைத்திருக்கும் அந்தத் திருநெல்வேலி அம்மாளை முறைத்து, "வருஷா வருஷம் லடாக்" என்றேன். உண்மையில் செம்பூர் வீட்டுக்கும் மாட்டுங்கா ஆபீசுக்கும் தவிர அந்த அட்வெஞ்சர் பைக் எங்கும் போனதில்லை.

அவர் குனிந்து பின் டயரைத் தடவினார். ஓரத்தில் புது டயரின் ரப்பர் முடிகள் அப்படியே நின்றன.

"இது மண்ணையே பாக்கலியே, அண்ணாச்சி. பட்டன் டயரு மழையில தார் ரோட்டுல வழுக்கும். இதுவே போதும்லா."

"கேட்டதை மாட்டுங்க. அட்வைஸ் வேண்டாம்!"

மாட்டினார்.

மூன்றாம் நாள் மழை. செம்பூர் சிக்னலில் பிரேக் பிடித்ததும் வண்டி வழுக்கிச் சாய்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு முழங்கையில் ரத்தம். அவளுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, நேராகக் கடைக்குப் போய்க் கத்தினேன்.

"என்ன டயர் கொடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கூசாமல் சொன்னேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவரைத்தான் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய் என் பழைய டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "காயலாங்கடைக்குப் போடல. நீங்க வருவீயன்னு தெரியும்."

அவர் மாட்டி முடிக்கும்வரை, டேங்கில் ஒட்டியிருந்த லடாக் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம். திட்டாமல் அனுப்பிவிட்டாரே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.