பெரட்டில் அக்காவின் பேர்

காது கேட்காதது அக்காவுக்கு, அலுத்துப்போனது நான். பிறவியிலேயே அவளுக்குக் காதும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மா காய்ச்சலில் போன பிறகு அவளுக்கும் சேர்த்து நான்தான் கேட்டேன், நான்தான் பேசினேன்.

தேயிலைத் தோட்டத்தில் எல்லாமே காதை நம்பித்தான் நடக்கும். விடிந்ததும் பெரட்டு. ஆட்கள் களத்தில் வரிசையாக நிற்க, கங்காணி கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "ஐயா" என்று குரல் வந்தால் அன்றைக்கு வேலை. வராவிட்டால் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கூப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. முதல் பேர் கங்காணியின் சொந்தக்காரர்களுக்கு. கோயிலில் முதல் மரியாதை மாதிரி. எங்கள் பேர் எங்கேயோ கடைசியில் வரும். அக்கா பேருக்கும் நானே குரல் கொடுப்பேன். காய்ச்சலோ வயிற்றுவலியோ, ஒரு நாள் படுக்க முடிந்ததா எனக்கு? நான் படுத்தால் இரண்டு பேருக்கும் வேலை போச்சு. கொழுந்து கிள்ளுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் அதைக் காட்ட முதலில் களத்தைத் தாண்ட வேண்டுமே!

எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மறையூரில் வெல்லம் காய்ச்சுகிறவர். கங்காணி கூப்பிட்டுச் சொன்னார்:

"நீ போயிட்டா ஊமச்சிக்கு யாருட்டி கொரல் குடுப்பா? பேசாம போடிக்கு எறக்கி விட்டுருவேன், பாத்துக்க."

மலைக்குக் கீழே, போடியில் எங்களுக்கு ஒரு நாதியும் இல்லை. அழுது கெஞ்சினேன். "சரி, கையத் தூக்கட்டும். ஆனா அவ பேருக்குத்தான் தூக்கணும்" என்றார்.

அவர் வாயைப் பார்த்துத் தன் பேரைக் கண்டுபிடிக்க அக்காவைப் பழக்கினேன். அந்த மனுஷன் வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் மென்றாலும் கையைத் தூக்கினாள்; துப்பினாலும் தூக்கினாள்; ஊரார் பேருக்கெல்லாம் தூக்கினாள்.

"ஏட்டி, எல்லார் வேலையும் இவளே பாத்துருவா போலருக்கே!" என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலையில் அடித்துக்கொண்டேன். அந்த நிலையில்தான் அவளை விட்டுவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போனேன். அங்கே சோறு இறங்கவில்லை.

பொங்கல் கழிந்து அவளைப் பார்க்க மலையேறினேன். இருக்கிறாளோ, இறக்கி விட்டார்களோ என்று வழியெல்லாம் பயம். விடியும்போது நேராகக் களத்துக்கே போய் வரிசைக்குப் பின்னால் நின்றேன்.

கங்காணி கம்பை ஊன்றினார். முதல் பேராக அக்காவின் பேரைக் கூப்பிட்டார். அவள் கையைத் தூக்கினாள். அவர் தலையாட்டினார். கூடையை மாட்டிக்கொண்டு அவள் தன் பாட்டுக்கு நடந்துவிட்டாள். மற்ற பேர்களை வழக்கம்போலக் கூப்பிட்டார்.

பெரட்டு முடிந்ததும் அவரிடம் ஓடினேன்.

"நீ போன பொறவு தெனமும் ஒரே கொழப்பம்ட்டி" என்றார். "நல்லாக் கொழுந்து கிள்ளுதா, அனுப்பவும் மனசு வரல. தொலையுதுன்னு மொதல்ல கூப்புட்டுட்டேன். கம்ப ஊனுனா அவளுக்கே தெரிஞ்சுபோவுது."

இவ்வளவுதானா! ஒரு பேரை மேலே தூக்கிப் போட்டால் தீர்ந்துபோகிற காரியத்துக்கா என் வயசெல்லாம் அந்தக் களத்தில் கழிந்தது? சந்தோஷப்பட வேண்டியவள், வயிறு எரிந்து நின்றேன்.

"இத முன்னமே செஞ்சிருக்கலாமேய்யா?"

அவருக்கு நான் கேட்பது விளங்கவே இல்லை.

"எதுக்குட்டி? அப்பதான் நீ இருந்தியே!"