மாமன் மடி

என் மகளுக்குக் காது குத்த நாள் குறித்ததுமே, யார் மடியில் உட்கார வைப்பது என்ற பேச்சு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவளுக்கு இருப்பது ஒரே மாமன், என் தம்பி. அவன் அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டுக் கட்டிலில் படுத்த படுக்கையாகக் கிடந்தான்.

அவள் பிறப்பதற்கு முன்பு நண்பர்களோடு மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போனவன், அலை வருகிறதென்று ஓடிப்போய்த் தலைகீழாகப் பாய்ந்தான். அதற்குள் தண்ணீர் பின்வாங்கிவிட்டது. மணலில் தலை மோதி, கழுத்து எலும்பு முறிந்து, உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்கிப் போனது. செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடியது. நசுங்கிய தண்டுவடம் இனிச் சேராது என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தோளை அசைப்பான், முழங்கையை மடக்குவான், அவ்வளவுதான். விரல்கள் சொன்னபடி கேட்காது. மார்புக்குக் கீழே முள் குத்தினாலும் தெரியாது. வெயில் காலத்தில் அந்த உடம்பு வியர்க்காமல் கொதிக்கும். ஈரத்துண்டை மாற்றி மாற்றிப் போடுவோம். வண்டியை எடுத்தால் வீடு தங்காதவன் அவன்.

"உங்க பெரியப்பா புள்ளைய உக்கார வெச்சிக்கலாமே," என்றார் என் மாமியார்.

"ஏன், என் தம்பி செத்தா பூட்டான்?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மாமியார் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "வோணாங்க்கா. கொயந்தைய கீய வுட்டுட்டன்னா?"

"துண்டு போட்டுக் கட்டி வெக்கிறன்டா."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். நீ தாண்டா மாமன்."

விசேஷத்தன்று அவனுக்குப் புது வேட்டி கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். மகளை அவன் மடியில் வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் இருவரையும் சேர்த்துக் கட்டினேன். காது குத்துகிறவர் கம்பியை இறக்கியதும் அவள் வீறிட்டு உதைத்தாள். அந்த உதையில் தம்பியின் வலது கால் விலுக்கென்று துள்ளி, நிற்காமல் ஆடியது.

"கால் ஆடுது! எம்புள்ள காலை ஆட்டிட்டான்!" அம்மா ஓடிவந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டாள். யாரோ கற்பூரம் கொண்டுவரச் சொன்னார்கள்.

"நான் ஆட்டலம்மா. அது தானா துள்ளுது," என்றான் தம்பி. மூளையின் பேச்சு போய்ச் சேராத கால் இப்படித்தான் தன்பாட்டுக்குத் துள்ளும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அம்மாவுக்கு எதுவும் ஏறவில்லை, அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. தம்பி முகத்தைப் பார்த்தேன். ஏதோ தப்பு செய்துவிட்டவனைப் போல அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரே சிரிப்பு. "மாமனுக்கு நல்ல சீர் செஞ்சிட்டாடி!" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். தம்பியும் கூடவே சிரித்தான். பிறகு கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டான். நெஞ்சில் காற்று நிற்காததால் அவன் குரல் பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

"இன்னாத்துக்குக்கா சிரிக்கிறாங்க?"

பிளேட் வைத்த கழுத்து. குனிந்து பார்க்க முடியாது. "பாப்பா பயந்துகினு உன் மடியிலயே ஒண்ணுக்குப் போயிட்டாடா," என்றேன்.

"சூடா கீதாக்கா?"

நனைந்த வேட்டிமேல் கை வைத்துப் பார்த்தேன்.

"கீதுடா," என்றேன்.