கோடாலி எந்தக் கையில்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். டிராயிங் மாஸ்டராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகள் என்னை ஸ்கேல் வாத்தி என்றுதான் கூப்பிட்டார்கள். கோணல் கோடு போட்டவன், சூரியனுக்கு மீசை வரைந்தவன், பீச்சாங்கையில் பென்சில் பிடித்தவன், எல்லோருக்கும் விரல் முட்டியில் மர ஸ்கேலால் ஒரு போடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சட்டைப் பையில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று மூன்று பென்சில்கள் எப்போதும் கூர் சீவித் தயாராக நிற்கும். "பாக்கெட்டுல வேலி கட்டிக்கினு போறாரு" என்று என் மனைவி கேலி செய்வாள்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் இறங்கிய வாரத்தில் நானும் ரோட்டில்தான் இருந்தேன். படித்த பையன்கள் வேலைக்கு மனுப் போட்டே தேய்ந்துபோயிருந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது, இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். முதல் நாள் தடியடியில் என் அண்ணனுக்கு முதுகுத் தோல் உரிந்தது. அண்ணி வேப்பெண்ணெய் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். இரண்டாம் நாள் கோடாலியோடு வந்தார்.

சங்கராபுரம் ரோட்டை மறிக்க அன்றைக்கு வெட்டிச் சாய்த்தது பெரிய புளியமரம். பல பேர் வெட்டினார்கள் என்றாலும் கடைசி வெட்டு அண்ணனுடையது. எங்கள் ஊரில் கோடாலியைப் பீச்சாங்கையில் பிடிப்பவர் அவர் ஒருவர்தான். சோறு அள்ளும் கையை எங்கள் அப்பா அடித்து அடித்துச் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார். மற்ற வேலைகளுக்கு அவரால் மாற்ற முடியவில்லை.

மரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் காலனியைச் சேர்ந்த ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மனைவியோடு வந்தார். மனைவிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சைக்கிளைத் தூக்கி மரத்தைத் தாண்டிக்கொள்கிறோம் என்று கேட்டார். திரும்பிப் போகச் சொன்னார்கள். வார்த்தை தடித்தது. சாயங்காலத்துக்குள் அந்த ஆள் செத்துப்போனார். சாய்ந்த மரத்தின் கிளை தலையில் விழுந்தது என்று போலீஸில் எழுதிக் கதையை முடித்தார்கள். யாராவது கேட்டால், அந்த நேரத்தில் நான் வாய்க்கால் பக்கம் ஒதுங்கப் போயிருந்ததாகச் சொல்லிவந்தேன்.

அடுத்த கோடை விடுமுறையில் மியூசியத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மியூசியம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கைவிடப்பட்ட நெல் கிடங்கு ஒன்றில் இரண்டு அறைகள். உடைந்த தாழிகள், ஒரு துருப்பிடித்த வாள், கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து நிறுத்திய நடுகற்கள். புதிதாக வந்த காப்பாட்சியர் ஒரு பெண், மதராஸ்காரர். கோடையில் குடும்பம் குடும்பமாக வந்து, மியூசியத்தில் இருப்பதைப் பார்த்துப் படம் வரைய வேண்டும், ஒரு குடும்பத்துக்கு ஒரு பெரிய தாள், பத்து நாள் முகாம், கடைசி நாள் கண்காட்சி என்றார். அம்மாவும் அப்பாவும் கூட வரைய வேண்டுமாம். ஊரில் பாதிப்பேர் இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிக்கொள்கிற நேரத்தில் இவருக்குக் கிரையான் விளையாட்டு என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

கூட்டம் வராது என்று நினைத்தது தப்பாகிவிட்டது. கடைத்தெருவிலிருந்து ஜவுளிக்கடை பாய் வீட்டு அம்மா மூன்று பிள்ளைகளோடு வந்தார். மலையிலிருந்து காலை பஸ்ஸில் இரண்டு குடும்பங்கள் இறங்கின. அண்ணன் தன் மகளோடு வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன், வீட்டில் சும்மா உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறாரே என்று. மூன்றாம் நாள் காலனியிலிருந்து, செத்துப்போனவரின் மனைவியும் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மகளோடு சேர்ந்து மயில் வரைவதில் இருந்தார்.

அன்றைக்கு நடுகல் பாடம். காப்பாட்சியர் எல்லோரையும் ஒரு கல்லின் முன் நிறுத்தினார். கல்லில் ஒருவன் வாளோடு நிற்கிறான். நெஞ்சில் ஒரு அம்பு, தொடையில் ஒரு அம்பு. காலடியில் இரண்டு மாடுகள். மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன் இவன், எப்படிச் செத்தான் என்பதை ஊர்க்காரர்கள் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள் என்று விளக்கினார்.

அந்தப் பெண் கல்லின் கிட்டே போய் அம்பு தைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"செத்தது எப்டின்னு அதுலயே போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம், எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே என்றார் காப்பாட்சியர். அவள் தாளையும் கிரையான் டப்பாவையும் வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

நான் சுற்றி வரும்போது அவள் தாள் பாதி நிறைந்திருந்தது. ரோட்டுக்குக் குறுக்கே மரம். மனுஷரை விடப் பெரிய சக்கரம் வைத்த சைக்கிள். கீழே கிடக்கும் ஒருவன், அவனுடைய வலது காதுக்கு மேலே அழுத்தி அழுத்திப் பூசிய சிவப்பு. எதிரே நிற்கும் ஒருவன் கையில் கோடாலி. கோடாலி இடது கையில் இருந்தது.

நான் குனிந்து சிவப்புப் பென்சிலை எடுத்தேன். அந்தக் கோடாலியை அடித்துவிட்டு, வலது கையில் வேறொரு கோடாலி போட்டேன். "கோடாலிய சோத்தாங்கையில புடிப்பாங்கம்மா. கல்லுல பாரு, வாள் எந்தக் கையில இருக்குது?" என்றேன்.

"இல்லிங்க சார். பீச்சாங்கை" என்றாள். சொல்லிவிட்டுக் கிரையானை எடுத்து மறுபடியும் இடது பக்கம் கோடு இழுக்க ஆரம்பித்தாள்.

மர ஸ்கேல் அவள் விரல் முட்டியில் விழுந்தது. ஸ்கேல் தானாக விழுந்ததுபோல எழுதுகிறேன் பாருங்கள். நான் அடித்தேன். தாலி அறுத்த பெண்பிள்ளையை, அவள் மகள் பார்க்க, பள்ளிக்கூடத்துப் பையனை அடிப்பதுபோல் அடித்தேன். கிரையான் இரண்டாக உடைந்து உருண்டது. கிடங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அவள் கையை உதறவில்லை, அழவும் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ அடிச்சாலும் பீச்சாங்கைதான் சார். என் வூட்டுக்காரர அடிச்சவன் பீச்சாங்கையிலதான் புடிச்சிருந்தான். நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன்."

அண்ணன் அப்போது மயில் கழுத்துக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தார். பீச்சாங்கையால். முதலில் அதைப் பார்த்தது அவருடைய மகள்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் எழுந்த வேகத்தில் வர்ணத் தண்ணீர்க் கிண்ணங்கள் கவிழ்ந்தன. இரண்டே எட்டில் வந்து அவள் தலைமயிரைப் பற்றி இழுத்து, அந்த நடுகல்லிலேயே மோதினார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. நெற்றி பிளந்து கல்லில் ரத்தம் வழிந்தது. அவளுடைய மகள் அண்ணன் கையைக் கடித்துத் தொங்கினாள், அவர் உதறிய உதறலில் தாழிகளின் மேல் போய் விழுந்தாள். அண்ணன் மகள் அப்பா அப்பா என்று அலறினாள். பாய் வீட்டு அம்மா தண்ணீர் வாளியைத் தூக்கி அவர் முதுகில் அடித்த அடியில்தான் பிடி விட்டது. மலைக்காரர்கள் இருவர் அவரை இடுப்பில் பிடித்து வெளியே இழுத்துப் போனார்கள். பாய் வீட்டு அம்மா தன் துப்பட்டியைக் கிழித்து அந்தப் பெண்ணின் நெற்றியைக் கட்டினார்.

இதெல்லாம் நடந்தபோது நான் அண்ணனைப் பிடிக்கவில்லை. ஈரத்தில் நனையாமல் அவள் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் வெளியே போனதும் அண்ணன் என்னைக் கன்னத்தில் அறைந்தார். கண்ணாடி தெறித்து விழுந்தது. "டேய், உனக்குத் தெரியும். வாயத் தொறந்தன்னா உன்னியும் வெட்டிப் போட்டுடுவேன்" என்றார். அவர் கையில் பல் தடம் பதிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை விட, அந்தப் பெண்மேல் வந்த ஆத்திரம்தான் அதிகம். எதற்கு வந்தாள், மயில் வரைந்துவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இன்றைக்கு எழுதவே கூசுகிறது.

அது பழக்கதோஷம், எல்லாப் படத்தையும் திருத்துவதுபோல் அதையும் திருத்திவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு முகாமில் இருபது தாளாவது இருந்திருக்கும். மற்ற எதிலும் நான் சிவப்புப் பென்சிலை வைக்கவில்லை.

காப்பாட்சியர் விடவில்லை. புகார் எழுதிக்கொடுத்தார், படத்தையும் சேர்த்துக் கொடுத்தார். இந்தப் பெண் கண்ணால் பார்த்ததை வரைந்திருக்கிறாள், புருஷன் செத்ததைத் திரும்ப விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு வந்த அதிகாரி மியூசியத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நல்ல மாதிரியான ஆள்தான். தாளை மேஜையில் விரித்து, இந்தச் சிவப்புக் கோடு யார் போட்டது என்று கேட்டார். நான் என்றேன்.

"எதுக்கு சார் போட்டீங்க?"

"படத்துல தப்பு இருந்துச்சுங்க."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வரைந்த பெண்ணுக்கு எந்தக் கை என்று தெரியவில்லை, டிராயிங் மாஸ்டரே திருத்தியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. தாள் என் முன்னால்தான் கிடந்தது. கோடாலியை மாற்றிவிட்டேனே தவிர, ரத்தத்தை மாற்றவில்லை. எதிரே நின்று சோத்தாங்கையால் அடித்தால் அடி இடது காதுப் பக்கம் விழ வேண்டும். அவள் படத்தில் சிவப்பு வலது காதுக்கு மேலே இருந்தது. படம் போடத் தெரிந்தவன் கண்ணில் அது உடனே படும். என் கண்ணில் பட்டது. அதிகாரி நீட்டிய இடத்தில் என் அழகான கையெழுத்தைப் போட்டேன். கிளை விழுந்தது விழுந்ததாகவே இருந்தது. மியூசியத்தில் நடந்ததை இரண்டு பக்கமும் சமாதானம் என்று முடித்தார்கள்.

அண்ணன் அதற்கப்புறம் பல வருடம் இருந்தார். கட்டிலில் படுத்து, மகள் கஞ்சி ஊட்ட, நிம்மதியாகத்தான் செத்தார்.

முகாமின் கடைசி நாள் கண்காட்சிக்குக் கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. நடுகல்லைக் கழுவிவிட்டிருந்தார்கள், அம்பு தைத்த இடத்தில் மட்டும் கறை போகவில்லை. நான் படங்களுக்குக் கீழே குடும்பத்தின் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நெற்றியில் தையலோடு வந்தாள், மகள் பக்கத்தில். காப்பாட்சியரிடம் இன்னொரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டு அதே சுவரோரம் உட்கார்ந்தாள். தாயும் மகளும் ரொம்ப நேரம் வரைந்தார்கள். முடித்து எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள்.

அதே மரம், அதே சைக்கிள், அதே ஆள் கீழே. கோடாலி பீச்சாங்கையில். இந்த முறை பின்னால் கூட்டத்தையும் வரைந்திருந்தாள். கூட்டத்தில் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள், முதுகுகள்தான் தெரிந்தன. ஒருவன் மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் இரண்டு வட்டம், கண்ணாடி. சட்டைப் பையில் மூன்று கோடுகள், கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று.

நான் வாய்க்கால் பக்கம் போகவில்லை. பத்தடி தூரத்தில் நின்றேன். அண்ணன் கோடாலியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்பக்கத்தால் அடித்ததைப் பார்த்தேன். அந்த ஆள் சைக்கிளோடு சரிந்ததைப் பார்த்தேன். அவள் காய்ச்சல் உடம்போடு அவர் மேல் விழுந்து, கூட்டத்தில் கண்ணாடி போட்டவன் நான் ஒருவன் என்பதால் என்னைப் பார்த்து, "சார், நீங்களாவது சொல்லுங்க சார்" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மூன்றாம் நாள் முகாமுக்குள் வந்தபோதே அவள் என்னை அடையாளம் கண்டிருப்பாள்.

"இதுல எதுனா தப்பு இருக்குதா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப அத்த கீழ எழுதிக் குடுங்க. தப்பு இல்லன்னு. உங்க கையெழுத்து போட்டு."

காப்பாட்சியர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் படத்தைப் பார்த்தேன், பிறகு வாசலைப் பார்த்தேன்.

"எழுதறதுக்கு பென்சில் இல்லம்மா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். பிறகு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போய்விட்டார்கள்.